ராஜாவைக் காணோம்: ஒரு பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களுக்கும் இரண்டு அணிக்கும் சபைக்கும் வணக்கம். எனக்குக் கொடுத்த நேரம் பன்னிரண்டு நிமிடம். கதை பெரியது, அதனால் நேராகக் கதைக்கே போகிறேன்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். இணையத்தில் ஆடுகிற மாயாஜாலக் கதை விளையாட்டில், முக்கியமான பாத்திரங்கள் காரணம் சொல்லாமல் காணாமல் போவது கதைக்குச் சுவையா, குறையா? குறைதான் என்று சொல்ல வந்திருக்கிறேன். ஆயிரம் விளையாட்டு இருக்கலாம். நான் என் இருபதுகளைக் கொடுத்த விளையாட்டை வைத்துத்தான் பேசப் போகிறேன். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட். 2004 நவம்பரில் பிளிசார்ட் நிறுவனம் வெளியிட்டது. அசரோத் என்று ஓர் உலகம். அதற்குள் ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் நுழைந்து, சேர்ந்து சண்டை போட்டு, சேர்ந்து கதையைக் கடந்து போகலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எக்ஸ்பான்ஷன் என்ற பெயரில் புதிய கண்டமும் புதிய பகையும் வரும். விளையாடாதவர்களுக்கு இவ்வளவு போதும்.

அந்த விளையாட்டின் முதல் நாளில், மனிதர்களின் தலைநகரமான ஸ்டார்ம்விண்டுக்குள் நுழைந்து அரண்மனைக்குப் போனால் அரியணையில் ராஜா இருக்க மாட்டார். பத்து வயதுப் பையன் ஒருவன் நிற்பான். பெயர் ஆண்டுயின். பக்கத்தில் ஆட்சியைப் பார்த்துக்கொள்ளும் தளபதி, போல்வார் என்று பெயர். இன்னொரு பக்கம் சீமாட்டி கட்ரானா பிரெஸ்டர். அந்தச் சீமாட்டி உண்மையில் ஓனிக்சியா என்ற பெண் டிராகன், மனித உருவத்தில் நிற்கிறாள். சரி, பையனின் அப்பா வாரியன் ரின் எங்கே? ராஜா எங்கே?

2006. நான் சிங்கப்பூரில் வேலைக்குப் போன புதிது. ஒரு அறையில் நான்கு பேர் தங்கியிருந்தோம். அதில் ஒருவன் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். பெயரைச் சொல்ல மாட்டேன், அவனிடம் கேட்காமல் சொல்வது முறையில்லை. அவன்தான் இந்த விளையாட்டை எனக்குப் பழக்கினான். நான் வாளேந்திய வீரன். அவன் ஹீலர், அதாவது அடிபட்டவனைக் காப்பாற்றுகிற பூசாரி. நான் குறுக்கே பாய்ந்து அடிவாங்குவேன், அவன் பின்னால் நின்று உயிர் கொடுப்பான். அறையில் சமையலும் அப்படித்தான் நடந்தது. நான் தீய்ப்பேன், அவன் சரிசெய்வான்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு குவெஸ்ட், அதாவது செய்து முடிக்க வேண்டிய ஒரு வேலை, கிடைத்தது. 'காணாமல் போன தூதர்' என்று தலைப்பு. ஸ்டார்ம்விண்டில் ஒரு பிஷப் இரகசியமாகக் கூப்பிட்டு ஆரம்பித்து வைப்பார். ஒன்றை முடித்தால் இன்னொன்று என்று சங்கிலி மாதிரி நீண்டுகொண்டே போகும். பழைய நகரத்துச் சந்தில் ஒரு ரவுடியை அடித்துத் துப்பு வாங்கினோம். மெனெதில் துறைமுகத்துக்குப் போய் அங்கே ஒருவனைத் துரத்திப் பிடித்தோம். பிறகு கப்பல் ஏறிக் கடல் தாண்டித் தெரமோர் கோட்டைக்குப் போனோம். நடுவழியில்தான் தெரிகிறது, காணாமல் போன தூதர் வேறு யாருமில்லை, ராஜாவேதான். சமாதானப் பேச்சுக்காகத் தெரமோருக்குக் கிளம்பியவரை வழியில் கடத்திவிட்டார்கள். இரவு இரண்டு மணிக்கு இது தெரிய வந்தபோது நாங்கள் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டோம். ராஜாவையே நாம்தான் கண்டுபிடிக்கப் போகிறோம்!

தெரமோரில் துரோகி ஒருவனைப் பிடித்துக் கொடுத்தோம். அதோடு குவெஸ்ட் முடிந்தது. ராஜா கிடைக்கவில்லை. 'இன்னும் தேட வேண்டும்' என்று சொல்லிவிட்டுக் கதை நின்றுவிட்டது.

நான் தூங்கப் போகலாம் என்றேன். அவன் விடவில்லை. "ஒருத்தரக் காணோம்னு சொல்லிட்டு எப்படிடா தூங்க முடியும்?" என்று கேட்டான். வரைபடத்தைத் திறந்தான். தெரமோருக்குப் பக்கத்தில், கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி அல்காஸ் என்று ஒரு குட்டித் தீவு. "இங்கதான் இருப்பாரு" என்றான். எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன். "ஒரு ஆள ஒளிச்சு வைக்கணும்னா வேற எங்கடா வைப்பாங்க?"

நீந்தினோம். நாங்கள் அப்போது நாற்பதாவது லெவலைக்கூடத் தொடவில்லை. தீவில் இருப்பதோ அறுபதை ஒட்டிய லெவல் நாகர்கள், இடுப்புக்குக் கீழே பாம்பு உடம்பு. கரையில் காலை வைத்தோம், ஒரே அடி, இரண்டு பேரும் செத்தோம். அந்த விளையாட்டில் செத்தால் ஆவியாகச் சுடுகாட்டில் எழுந்து, உடல் கிடக்கும் இடத்துக்கு ஓடிப்போய்த் திரும்ப உயிர் பெற வேண்டும். ஆவிக்குத் தண்ணீர் மேலே நடக்க முடியும். அப்படியே கடல் மேலே இரண்டு ஆவிகளாக நடந்தோம். உயிர் பெற்று நான்கு அடி உள்ளே ஓடினோம், செத்தோம். மறுபடி கடல் மேலே நடை, மறுபடி நான்கு அடி. கைத்தட்டலை வைத்துக்கொள்ளுங்கள், கதை முடியவில்லை. பதினோரு முறை செத்தோம். எண்ணியவன் அவன். ஒவ்வொரு முறை உயிர் பெற்றதும், நாகன் பாய்ந்து வருவதற்குள் கிடைக்கிற மூன்று விநாடியில் அவன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரு வரி தட்டச்சு செய்வான்: "ராஜா, உள்ள இருக்கீங்களா?"

பதில் இல்லை. விடிந்துவிட்டது. காலை ஷிப்ட்டுக்குப் பேருந்தில் நின்றுகொண்டே தூங்கினோம்.

இப்போது இந்தக் கதையின் அடுத்த பாதியைக் கேளுங்கள். 2007இல் ஒரு காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. விளையாட்டுக்கு வெளியே, தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டிய புத்தகம். ராஜா எங்கே போனார் என்பது அதில்தான் இருந்தது. ஓனிக்சியாவின் சூழ்ச்சியால் கடத்தப்பட்டார். மந்திரத்தால் இரண்டு ஆளாகப் பிளக்கப்பட்டார். ஒரு பாதி நினைவிழந்து, மனிதர்களுக்குப் பகையான ஆர்க் இனத்தாரின் கரையில் ஒதுங்கி, அடிமைக் களத்தில் சண்டைக்காரனாகிறது. சரி, கடத்திக்கொண்டு போய் அவரை எங்கே வைத்திருந்தார்கள்?

அல்காஸ் தீவில்!

நடுவர் அவர்களே, நாங்கள் சரியான தீவில்தான் செத்திருக்கிறோம். பதினோரு முறை. ஆனால் விளையாட்டுக்குள் அன்று அங்கே ராஜாவும் இல்லை, ராஜா இருந்த சிறையைக் காட்டுகிற ஒரு வரியும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. தேடியவனுக்குப் பதில் சொல்லாமல், புத்தகக் கடைக்குப் போனவனுக்குப் பதில் சொன்னார்கள்.

2008 இறுதியில் ராஜா விளையாட்டுக்குள் வந்தார். ஒரு நாள் லாகின் செய்து அரண்மனைக்குப் போனால் அரியணையின் முன் வாரியன் ரின் நிற்கிறார். நான்கு வருடமாக எங்கே இருந்தார் என்று தெரியாமலேயே எத்தனையோ பேர் குவெஸ்ட் வாங்கிக்கொண்டு போனார்கள். என் நண்பன் மட்டும் தன் பூசாரியை ராஜா முன்னால் மண்டியிட வைத்தான். தட்டச்சு செய்தான்: "ராஜா, வந்துட்டீங்களா?"

சரி. இப்போது எதிரணிக்கு வருகிறேன். முதலில் பேசிய தம்பி நன்றாகப் பேசினார். மர்மம்தான் கதைக்கு உப்பு என்றார், ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் எங்கள் அணியைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார், நீங்கள் எல்லாரும் கைத்தட்டினீர்கள். "நீங்கள் கதை கேட்க வந்தீர்களா, அட்டெண்டன்ஸ் எடுக்க வந்தீர்களா?"

தம்பி, அட்டெண்டன்ஸ் எடுக்கத்தான் வந்திருக்கிறோம். அதைச் சின்ன வேலையாக நினைக்காதீர்கள். நம் மொழியில் அதைச் செய்தவர் இளங்கோவடிகள்.

சிலப்பதிகாரத்தில் மதுரை எரிந்துவிட்டது. கோவலன் இல்லை, கண்ணகி விண்ணுக்குப் போய்விட்டாள். கதை அங்கேயே நின்றிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இளங்கோ நிற்கவில்லை. வஞ்சிக் காண்டத்தில் நீர்ப்படைக் காதை. சேரன் செங்குட்டுவன் கண்ணகி சிலைக்கு இமயத்துக் கல்லைக் கங்கையில் நீராட்டிவிட்டுக் கரையில் இருக்கிறான். அங்கே மாடலன் என்ற மறையவன் வந்து ஒவ்வொருவராகச் சொல்கிறான். அடைக்கலம் கொடுத்த மாதரி தீயில் புகுந்தாள். வழித்துணையாக வந்த கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர் விட்டார். கோவலனின் அப்பா செல்வத்தை எல்லாம் தானம் கொடுத்துவிட்டுத் துறவியரோடு சேர்ந்தார். கோவலனின் அம்மா துயரத்தில் இறந்தார். கண்ணகியின் அப்பா ஆசீவகத் துறவிகளிடம் போனார். கண்ணகியின் அம்மாவும் உயிர் விட்டார். மாதவி துறவு பூண்டாள், மகள் மணிமேகலையையும் அந்த வழிக்கே கொடுத்தாள்.

எண்ணிப் பாருங்கள். போர்க்களத்திலிருந்து திரும்புகிற அரசனை நிறுத்தி வைத்து, ஒரு வணிகன் வீட்டுச் சம்பந்திகள் வரைக்கும் கணக்குச் சொல்கிறார்கள். அந்தக் கணக்கைக் கேட்கும்போதுதான் கோவலன் சாவு எத்தனை வீட்டில் விழுந்தது என்பது நமக்கு உறைக்கிறது. அந்த அட்டெண்டன்ஸ்தான் அந்தக் காதையின் அழுகை.

பாரதத்துக்கு வாருங்கள். பலராமர் குருக்ஷேத்திரப் போரில் இல்லை. கண்ணனின் அண்ணன், துரியோதனனுக்கும் பீமனுக்கும் கதாயுதம் கற்றுக்கொடுத்தவர். அவர் வரவில்லை என்றால் கேட்கிறவன் சும்மா இருப்பானா? இரண்டு பக்கமும் வேண்டியவர்கள் என்பதால் தீர்த்த யாத்திரை போய்விட்டார் என்று கதை சொல்லிவிடுகிறது. கடைசியில் கதாயுதப் போர் நடக்கும்போது திரும்பியும் வருகிறார். ஆள் இல்லை என்பதில் கதைக்கு வெட்கமில்லை. அவர் ஏன் இல்லை என்று ஒரு வாய் சொல்லிவிடுகிறது, அவ்வளவுதான். நம் கூத்து மேடையிலும் யார் வருகிறார், எதற்காக வருகிறார் என்று சொல்லக் கட்டியங்காரன் இருக்கிறான்.

இதை வைத்துக்கொண்டு திரும்ப அசரோத்துக்குப் போவோம். ராத்தியன் என்று ஒரு பாத்திரம். கருப்பு டிராகன் இளவரசன். 2012இல் பண்டாரியா என்ற புதிய கண்டத்தின் கதை வந்தபோது, மலைப்பாதையில் ஒரு சத்திரத்தில் உட்கார்ந்துகொண்டு எங்களை வேலை வாங்கினார். வாரக்கணக்கில் முத்திரைகள் சேர்த்துக் கொடுத்தோம். அவர் பிடித்துக்கொண்டது ஒரே விஷயம். எரியும் படை என்ற அரக்கர் படை வரப்போகிறது, தயாராகுங்கள். நாங்கள் வீழ்த்திய இடிமன்னன் என்ற எதிரியின் இதயத்தைத் தின்றுவிட்டு, வேறொரு குரலில் 'கடைசி டைட்டனை மீட்டெழுப்புவோம்' என்று கத்தினார். எங்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு வருடத்துக்கு மேல் உழைத்தோம், இறுதியில் எல்லாருக்கும் ஒரு மாயப் போர்வை கொடுத்தார்.

2016 ஆகஸ்ட். எரியும் படை வந்துவிட்டது. எக்ஸ்பான்ஷனின் பெயரே லீஜன், அதாவது அந்தப் படை. முதல் சண்டையிலேயே, பதினோரு முறை செத்து நாங்கள் தேடிய அதே ராஜா வாரியன், தன் ஆட்களைக் காப்பாற்றித் தான் செத்தார். இரண்டு வருடம் போர் நடந்தது. ஊரைக் கூட்டி எச்சரித்த ராத்தியன் அந்தப் போரில் முகம் காட்டவே இல்லை. திரும்பி வந்தது 2020 ஜனவரியில். ஆண்டுயின் அப்போது வளர்ந்து ராஜாவாகிவிட்டிருந்தார். ராத்தியனைப் பார்த்ததும் முகத்தில் ஓங்கி ஒரு குத்து விட்டார். அந்தக் குத்துக்குக் கதையில் வேறு காரணம் இருந்தது. ஆனால் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தவன் எவனுக்கும் அந்தக் குத்து தன் கையால் விழுந்த மாதிரி இருந்தது.

இதில் சுவை எங்கே இருக்கிறது என்று தம்பி எழுந்து காட்டட்டும். வீட்டில் தீப்பிடிக்கும் என்று தெருவெல்லாம் சொன்னவர், பிடித்த அன்று இல்லை, ஏன் என்றும் இல்லை. கோல்டிரா என்று இன்னொருவர். 2010இல் எதிரியோடு இரகசியமாகச் சமாதானம் பேசியதற்காக, அவருடைய தலைவி சில்வானஸ் அவரைத் தன் தலைநகரத்துக்கு இழுத்துப் போனாள். நண்பன் தசாரியன் போய் மீட்டது 2016இல். ஆறு வருடம் நிலவறையில்.

ஏன் இப்படி ஆகிறது என்பதும் எங்களுக்குப் புரியாமல் இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு கண்டத்தைக் கட்டுகிறார்கள், எழுதுகிற ஆட்கள் மாறுகிறார்கள், கதையில் பாதி நாவலுக்கும் காமிக்ஸுக்கும் போய்விடுகிறது. நூறு பாத்திரத்தையும் எல்லாச் சண்டைக்கும் கூட்டி வா என்று நாங்கள் கேட்கவில்லை. கதைக்குள் இருக்கிற யாராவது ஒருவர் "அவர் எங்கே?" என்று கேட்டால் போதும். பதில்கூட உடனே வேண்டாம்.

அதையும் இதே விளையாட்டு செய்திருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையாகப் பேசியவன் ஆக மாட்டேன்.

ஸ்டார்ம்விண்ட் நகர வாசலில் ஐந்து பெரிய சிலைகள். வேறோர் உலகத்துக்குப் படையெடுத்துப் போய்த் திரும்பாத ஐந்து பேர். கட்கர், டனாத், குர்ட்ரான், டுராலியன், அலேரியா. இறந்திருக்கலாம் என்று சிலைக்கு அடியில் எழுதியிருக்கும். 2007இல் அந்த உலகம் திறந்தது. அவுட்லேண்ட். போய்ப் பார்த்தால் கட்கர் உயிரோடு இருக்கிறார், டனாத் இருக்கிறார், குர்ட்ரான் இருக்கிறார். டுராலியனும் அலேரியாவும் இல்லை. அவர்கள் கணவன் மனைவி.

ஆனால் ஹானர் ஹோல்ட் என்ற கோட்டையில் ஓர் இளைஞன் நின்றுகொண்டிருந்தான். பெயர் அரேட்டர். அந்த இரண்டு பேரின் மகன். அம்மா அப்பா கடைசியாக வந்த இடம் இது என்று தேடி வந்தவன். பெரிய வசனம் எதுவும் கிடையாது. அவன் அங்கே நிற்பதே கேள்வி. நாங்கள் ஆயிரம் முறை அவனைக் கடந்து போயிருப்போம். 2008, 2010, 2012, கண்டங்கள் மாறிக்கொண்டே போயின. எப்போது திரும்பிப் போனாலும் அரேட்டர் அங்கே நின்றான். 2017 ஆகஸ்ட்டில் ஆர்கஸ் என்ற உலகத்துக்குப் போனபோதுதான் டுராலியனும் அலேரியாவும் கதைக்குள் வந்தார்கள். நமக்குப் பத்து வருடம். அவர்கள் இருந்த இடத்தில் காலக் கணக்கு வேறு, அவர்களுக்கு ஆயிரம் வருடம் ஓடியிருந்தது. ஒருவரும் "ஏன் இவ்வளவு தாமதம்" என்று கோபப்படவில்லை. கேட்டுக்கொண்டே ஒரு பிள்ளை நின்றதால் அந்தப் பத்து வருடமும் காத்திருப்பு ஆகிவிட்டது.

அன்று இரவு நான் அந்தக் காட்சியை முடித்துவிட்டு எங்கள் கில்டின் பெயர்ப் பட்டியலைத் திறந்தேன். கில்டு என்றால் சேர்ந்து ஆடுகிறவர்களின் குழு. பட்டியலில் உள்ளே இருப்பவர் பெயர் வெளிச்சமாகத் தெரியும், இல்லாதவர் பெயர் சாம்பல் நிறத்தில் இருக்கும், கடைசியாக எப்போது வந்தார் என்று பக்கத்தில் காட்டும். கீழே, கடைசிக்கு வந்தேன். ஒரு பூசாரி. எட்டு வருடம்.

என் நண்பன் 2009இல் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போனான். ஒரு பையை அறையிலேயே விட்டுவிட்டுத்தான் போனான், பத்து நாளில் வருகிறேன் என்றான். இரண்டு முறை பேசினான். பிறகு அந்த எண் வேறு யாரிடமோ போய்விட்டது. வேலைக்கும் திரும்பவில்லை. அவன் சொன்ன ஊருக்கு நானே ஒருமுறை போனேன், வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள் என்றார்கள். எங்கே என்று தெரிந்தவர் இல்லை. ஆரம்பத்தில் கில்டில் வாரம் ஒருவராவது "ஹீலர் எங்கே?" என்று கேட்பார்கள். அப்புறம் அவனோடு ஆடியவர்களும் ஒவ்வொருவராக விட்டுப் போனார்கள். கேட்கிற ஆளும் குறைந்துவிட்டது.

இப்போது அந்தப் பெயருக்குப் பக்கத்தில் பதினாறு வருடம் என்று காட்டுகிறது. கில்டு தலைவன் நான். வராதவர்களை நீக்கிவிடலாமே என்று புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கேட்பார்கள். மற்றவர்களை நீக்கியிருக்கிறேன். அந்த ஒன்றில் கை வைக்கவில்லை. இவர் யார் என்று அவர்கள் கேட்டால், உட்கார வைத்து அல்காஸ் தீவுக் கதையைச் சொல்வேன். இன்று உங்களுக்குச் சொன்ன மாதிரியே, பதினோரு முறையும்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே, ஒரு நிமிடம் கொடுங்கள். இது தலைப்புக்கு வெளியே போய்விட்டது என்று எதிரணி சொல்லலாம், சொல்லட்டும். தீர்ப்பை எப்படி வேண்டுமானாலும் கொடுங்கள். ஆனால் இந்தச் சபையில் இவ்வளவு பேர் இருக்கிறீர்கள், இந்தப் பேச்சை எங்கிருந்தாவது கேட்பவர்களும் இருப்பார்கள். 2006இல் சிங்கப்பூரில் இருந்த, ராத்திரி முழுக்க ராஜாவைத் தேடிய ஒரு ஹீலரை யாருக்காவது தெரிந்திருந்தால் அவனிடம் சொல்லுங்கள். ராஜா வந்தார், செத்தும் போனார், அவர் மகன் ராஜாவாகிவிட்டான். அரேட்டரின் அம்மா அப்பாவும் வந்துவிட்டார்கள். உன் பை என்னிடம்தான் இருக்கிறது. நீ உள்ளே இருக்கிறாயா என்று கேட்கிறேன்.

வணக்கம்.